கொள்ளைநோய்க் காலத்தில் வலிப்பு நோயாளர்



நோய்களுள் இருவகை உண்டு. ஓர் ஊரையோ நாட்டையோ ஒரே சமயத்தில் பற்றி, சில திங்களில் பல்லாயிரவரை வீழ்த்தி, பின் தணிந்து போவது ஒருவகை. ஒருவரை இளமையிலேயே பற்றி, அவரோடு உண்டு உறங்கி, வாழ்நாள் முழுவதும் உடன் நிற்பது மற்றொருவகை. முன்னதைக் கொள்ளைநோய் என்கிறோம். அதற்கு வரலாற்று ஏடுகளில் இடம் உண்டு. பின்னதை வீட்டாரும் மருத்துவருமே அறிவர். முன்னது பரவும் காலத்தில் பின்னதால் வருந்துவோர் நிலை என்னாகிறது என்னும் கேள்வியை மக்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. அக்கேள்வியை இன்று வலிப்பு நோயை முன்னிட்டு ஆராய்வோம்.

வலிப்பு என்பது மூளையின் நரம்பணுக்களில் மின்னோட்டம் கணப்பொழுது கட்டுமீறி எழுவதால் வரும் நிலை. கைகால் வெட்டி இழுப்பதும், நினைவு தப்பி விழுவதும் அதன் அறியப்பட்ட வடிவங்கள். சில விநாடி நேரம் பார்வை நிலைகுத்தி நிற்பதும், பொருளின்றி உதடு அசைவதும் அதன் அறியப்படாத வடிவங்கள். உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு என்றும், அவர்களுள் 100-க்கு 80 பேர் வருவாய் குறைந்த அல்லது நடுத்தர வருவாயுடைய நாடுகளில் வாழ்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையான மருத்துவம் கிடைக்குமானால் 100-க்கு 70 பேர்வரை வலிப்பின்றி வாழ இயலும் என்பதும் அந்நிறுவனம் தரும் செய்தியே. ஆயினும் ஏழை நாடுகளில் நாலில் மூவர்க்கு வேண்டிய மருத்துவம் கிட்டுவதில்லை. நம் நாட்டில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உடையவர் என மதிப்பிடுகின்றனர்.

முயலகன் முதல் மாத்திரை வரை

இந்நோயைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆடவல்லான் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறளுருவத்தை முயலகன் என்கிறோம். வடமொழியார் அவ்வுருவத்தை அபஸ்மாரம் என்பர்; சரக சம்ஹிதை வலிப்பு நோய்க்கு இட்ட பெயரும் அதுவே. நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள். கொல்லி மழவன் என்னும் அரசனின் மகள் முயலகன் நோயால் உணர்வற்றுக் கிடந்தாள் என்றும், மருந்துகள் பயன்தராமற் போகவே தந்தை அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலிற் கொண்டுவந்து கிடத்தினான் என்றும், திருஞானசம்பந்தர் பதிகம் பாடி நோய் நீக்கினார் என்றும் பெரியபுராணம் கூறும். திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாகத் திருவாசி என வழங்கும் ஊரே அது. அரசன் மகளுக்கும் அன்று கோயிலன்றி வேறு புகலிடம் இல்லை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

கிரேக்க நாட்டிலும் இதனைத் தெய்விக நோய் என்றே மக்கள் கருதினர். கி.மு. 400-ஐ ஒட்டிய காலத்தில் ஹிப்போகிராடிஸ் மரபைச் சேர்ந்த ஒரு நூல் அக்கருத்தை மறுத்தது. ஏனைய நோய்களைப் போலவே இதுவும் இயற்கையில் எழுவது என்றும், இதன் இருப்பிடம் மூளை என்றும் அந்நூல் வாதிட்டது. எனினும் பயன் தரும் மருந்தொன்று கிடைக்க மனிதகுலம் மேலும் 22 நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 1857-இல் லண்டன் மருத்துவர் சார்லஸ் லோகாக் என்பார் பொட்டாசியம் புரோமைடு என்னும் உப்பு வலிப்பைக் குறைக்கிறது என மருத்துவக் கழகமொன்றில் எடுத்துரைத்தார். 1912-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆல்பிரட் ஹாப்ட்மன் என்னும் இளம் மருத்துவர், உறக்கத்திற்கென அளித்த பினோபார்பிட்டால் நோயாளரின் வலிப்பையும் தடுப்பதைக் கண்டறிந்தார். ஒரு நூற்றாண்டு கடந்தும் உலகின் ஏழைகளுக்கு மிக மலிவாகக் கிடைக்கும் வலிப்பு மருந்து அதுவேயாகும்.

இவ்விரு மருந்துகளின் வரலாற்றிலும் ஒரு படிப்பினை உண்டு. முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தில் உலகின் புரோமின் வாணிகத்தில் ஜெர்மனியின் கை ஓங்கியிருந்தது. பினோபார்பிட்டாலும் ஜெர்மனியத் தொழிற்சாலையிலேயே பிறந்தது. 1914-இல் கடல்வழி அடைபட்டதும் புரோமின் விலை ஏறிற்று. புதிய மருந்தோ போர் முடியும்வரை ஆங்கில மருத்துவ உலகை நன்கு எட்டவில்லை. நோயாளியின் அன்றாட மாத்திரை, அவர் கண்டிராத ஒரு நாட்டின் சுரங்கத்தையும் கப்பலையும் நம்பியிருக்கிறது என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது.

1918-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்

அப்போரின் இறுதியில் வந்ததே இன்ஃபுளுவென்சாக் காய்ச்சல். 1918 ஜூன் மாதத்தில் அது பம்பாய் நகரில் தலைகாட்டியது. செப்டம்பர் மாதத்தில் மீண்டும் எழுந்து, இருப்புப் பாதை வழியே நாடெங்கும் பரவியது. இந்தியாவில் மாண்டவர் தொகை 1 கோடியே 20 லட்சத்துக்கும் 1 கோடியே 80 லட்சத்துக்கும் இடைப்பட்டது என்பது பலர் ஒப்பும் மதிப்பீடு. 1911-இல் 25.21 கோடியாக இருந்த மக்கள்தொகை 1921-இல் 25.13 கோடியாகக் குறைந்தது. இந்தியக் குடிக்கணக்கின் வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

அக்காலத்தில் வலிப்பு நோயாளர் இழந்த மருத்துவம் என்ன? இக்கேள்விக்கு விடை துயரமானது. இழப்பதற்குரிய மருத்துவம் அவருள் பெரும்பாலோர்க்கு இருந்ததேயில்லை. பெருநகர் மருத்துவமனைகளில் புரோமைடு நீர் கிடைத்தது. வலிப்போடு மனக்கலக்கமும் உடையோர் சிலர் பித்தர் விடுதிகளில் அடைபட்டிருந்தனர். ஏனையோர் வீட்டின் ஒரு மூலையில் வாழ்ந்தனர். நூல் இருந்தாலன்றோ அறுபடும்? 1918-இல் அறுபட நூல் இல்லை.

மற்றொரு செய்தியையும் ஈண்டுக் குறிப்பிடுதல் வேண்டும். 1917-இல் வியன்னா நகர மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபொன் எகொனோமோ என்பார் விந்தையான ஒரு மூளைக் காய்ச்சலை விவரித்தார். நோயாளர் நாட்கணக்காக உறங்கினர். சிலர்க்கு வலிப்பு கண்டது. பிழைத்தவருள் பலர் ஆண்டுகள் சில சென்றபின் உடல் விறைத்து அசைவற்றுப் போயினர். 1920-களின் பிற்பகுதி வரை உலகெங்கும் காணப்பட்ட அந்நோய் பின்னர் மறைந்தது. இன்ஃபுளுவென்சாவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று பலர் கருதினர். ஆனால் அத்தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் பெருந்தொற்றுக்குப் பின் மூளையின் நலத்தைச் சில ஆண்டுகளேனும் கண்காணித்தல் வேண்டும் என்னும் எச்சரிக்கையை மருத்துவ உலகம் அதிலிருந்து பெற்றது.

நூல் நூற்ற காலம்

அடுத்த 100 ஆண்டுகளில் நிலைமை மெல்ல மாறிற்று. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்பார் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து 1929-இல் வெளியிட்டார். 1938-இல் அமெரிக்காவின் மெரிட், பட்னம் என்னும் இருவர் பெனிட்டாயின் மருந்தின் பயனை நிலைநாட்டினர். கார்பமசிபைனும் வால்புரோயேட்டும் அதன்பின் வந்தன. 1977-இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டபோது பினோபார்பிட்டால் அதில் இடம்பெற்றது.

நம் நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றில் தென்னகத்திற்குச் சிறப்பிடம் உண்டு. 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அப்பணியை மேற்கொண்டார். 1951-இல் இந்திய நரம்பியல் கழகம் சென்னையில் தோன்றியது. 1970-இல் இந்திய வலிப்பு நோய்ச் சங்கம் உருவாயிற்று. திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1995 முதல் வலிப்பு நோய்க்கான அறுவை மருத்துவத்தை ஒரு முறையான திட்டமாகவே நடத்தலாயிற்று.

இவற்றுள் நம் உள்ளத்தைத் தொடுவது ஏளந்தூர் முயற்சி. கர்நாடகத்தின் தென்கோடியிலுள்ள அச்சிறு பகுதியில் டாக்டர் கே. எஸ். மணியும் அவர்தம் துணைவரும் வீடு வீடாகச் சென்று வலிப்பு நோயாளரைக் கண்டறிந்தனர். பினோபார்பிட்டால், பெனிட்டாயின் என்னும் இரு மலிவான மருந்துகளையே ஆண்டுக்கணக்காகத் தவறாது கொடுத்து வந்தனர். பெரிய கருவிகள் இன்றியே சிற்றூரில் இந்நோயைக் கட்டுப்படுத்தலாம் என்று 2001-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு காட்டியது. மருந்தின் விலையைக் காட்டிலும் அது இடையறாது கிடைப்பதே முதன்மையானது என்பது அம்முயற்சியின் சாரம்.

சட்டமும் சற்றே திருந்தியது. இந்து திருமணச் சட்டத்தில் 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாக வலிப்பு நோய் திருமணத்திற்குத் தடையாகச் சேர்க்கப்பட்டிருந்தது. 1999-இல் பாராளுமன்றம் அச்சொல்லை நீக்கியது. ஆனால் ஏட்டிலிருந்து நீங்கிய தடை மக்கள் மனத்திலிருந்து அத்துணை விரைவில் நீங்கவில்லை. பெண்ணுக்கு வரன் தேடும் வீட்டார் மாத்திரைப் புட்டியை அரிசிப் பானைக்குள் மறைக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலம் சென்ற இளைஞர் உடன் தங்குவோர்க்கும் வேலை கொடுத்தோர்க்கும் தெரியாமலே மாத்திரை விழுங்குகின்றனர். இம்மறைப்பின் கேடு 2020-இல் வெளிப்பட்டது.

2020: கதவுகள் அடைபட்ட நாட்கள்

2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கொரோனாத் தொற்று முதன்முதல் இந்தியாவில் உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் அதனைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 22 நள்ளிரவுடன் பயணியர் ரயில்கள் நின்றன. மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. 21 நாட்களுக்கென விதிக்கப்பட்ட அது மும்முறை நீட்டிக்கப்பெற்று மே இறுதிவரை சென்றது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு மார்ச் 24 முதல் மூடப்பட்டது. நாட்டின் பல பெரிய மருத்துவமனைகளிலும் அதுவே நிகழ்ந்தது.

இந்நடவடிக்கைகள் தொற்றைத் தடுக்க மேற்கொள்ளப்பட்டவை. அவற்றின் நோக்கத்தை நாம் இங்குக் குறைகூற முற்படவில்லை. வலிப்பு நோயாளர் ஒருவர்க்கு அவற்றின் விளைவு யாதாக இருந்தது என்பதே நமது வினா.

வலிப்பு மருந்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். தலைவலி மாத்திரையைப் போல் நோய் வந்தபோது உண்ணும் மருந்தன்று அது. குருதியில் அதன் அளவு நாள்தோறும் குறையாது நிற்கவேண்டும். சில நாள் விட்டுப்போனால் அடங்கியிருந்த வலிப்பு மீளும். பினோபார்பிட்டால், குளோபசாம் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் ஒன்றன்மேல் ஒன்றாக ஓயாத வலிப்பு எழுந்து உயிருக்கே இறுதி நேரலாம். அரசு மருத்துவமனையில் திங்களுக்கு ஒருமுறை வரிசையில் நின்று மாத்திரை பெறுவோர்க்கு, மருத்துவமனையின் கதவு 30 நாளுக்கு மேல் அடைபட்டால் கையிருப்பு தீர்ந்துபோகும். மருந்துக் கடைகள் ஊரடங்கிலும் திறந்திருந்தன என்பது உண்மையே. ஆனால் நாட்கூலி நின்றுபோன இல்லத்தில் கடைக்குச் செல்லக் காசு ஏது? பழைய மருந்துச்சீட்டின் காலம் கடந்துவிட்டதெனக் கடைக்காரர் மறுத்தால் புதுச்சீட்டு எழுதித் தருவார் யார்?

இவற்றோடு வேறு சில துன்பங்களும் சேர்ந்தன. உறக்கக் கேடும், பசியும், கவலையும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. வேலை இழந்து, ஊர் திரும்ப வழியின்றி, பத்துக்குப் பத்து அறையில் பலரோடு அடைபட்டிருந்த தொழிலாளிக்கு இவை மூன்றும் ஒருங்கே வாய்த்தன. மே 1 முதல் தொழிலாளர் சிறப்பு ரயில்கள் ஓடலாயின. அதற்கு முன்னும் பின்னும் நெடுஞ்சாலைகளில் நடந்தே சென்றோர் பல்லாயிரவர். தெருவில் ஒருவர் விழுந்தால் ஓடிவந்து தாங்கும் இயல்பும் அந்நாட்களில் குன்றியது. அருகே செல்லவும் தொடவும் மக்கள் அஞ்சினர். வலிப்பு வந்து விழுந்தவரைத் தொற்றுற்றவர் எனக் கருதி விலகி நிற்க அது ஏதுவாயிற்று.

மருத்துவமனையின் உள்ளேயும் இடர்ப்பாடு இருந்தது. நரம்பியல் பகுதிகள் பல தொற்று நோயாளர்க்கென ஒதுக்கப்பட்டன. மின்னலைப் பதிவும் அறுவையும் பின்தள்ளப்பட்டன. முதன்முறை வலிப்புக் கண்ட குழந்தைக்கு அது காய்ச்சலால் வந்ததா, மூளைக் கட்டியால் வந்ததா என ஆராய்ந்து கூறுதற்குரிய மருத்துவர், வேறு பணியில் கவச உடை அணிந்து நின்றிருந்தார். 2021 ஏப்ரல், மே திங்களில் இரண்டாம் அலை எழுந்தபோது இந்நெருக்கடி மேலும் கடுமையாயிற்று.

அறிவியல் கூறிய விடை

தொடக்கத்தில் அச்சம் மிகுந்திருந்தது. வலிப்பு உடையோர்க்குக் கொரோனா எளிதில் தொற்றுமோ, தொற்றினால் உயிரைப் பறிக்குமோ எனக் குடும்பத்தார் கலங்கினர். வலிப்பு நோய் மட்டும் இருப்பதனாலேயே தொற்று எளிதில் வரும் என்பதற்குச் சான்று இல்லை எனச் சர்வதேச வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் தெளிவுபடுத்தியது. எந்தக் காய்ச்சலும் சிலர்க்கு வலிப்பைத் தூண்டலாம் என்பதால், மாத்திரையை ஒருவேளையும் தவறவிடலாகாது என்பதே மருத்துவர் தந்த முதல் அறிவுரை. 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் தடுப்பூசி தொடங்கியபோதும் இதே ஐயம் எழுந்தது. வலிப்பு நோய் தடுப்பூசிக்குத் தடையன்று என்பதே விடையாயிற்று.

மருந்துக்கு மருந்து பகையாகும் நிலையும் ஒன்று உண்டு. கொரோனாவுக்கென 2021 இறுதியில் வெளிவந்த நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் கூட்டு மருந்தை, கார்பமசிபைன், பெனிட்டாயின், பினோபார்பிட்டால் உண்போர்க்குக் கொடுத்தலாகாது. இம்மூன்றும் கல்லீரலை முடுக்கி அம்மருந்தை விரைவில் சிதைத்துவிடும். தாம் உண்ணும் வலிப்பு மாத்திரையை மருத்துவரிடம் மறைத்தவர்க்கு இதனால் நேரும் இழப்பைச் சொல்லவேண்டுவதில்லை.

தொற்று நீங்கியபின் புதிதாக வலிப்பு வருமா என்னும் கேள்விக்கும் ஒருவாறு விடை கிடைத்தது. ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, கொரோனா கண்டவருள் 100-க்கு 0.81 பேர்க்கு ஆறு திங்களுக்குள் வலிப்பும், 100-க்கு 0.30 பேர்க்கு வலிப்பு நோயும் தோன்றின. இவ்வளவு சிறியதே. எனினும் இன்ஃபுளுவென்சா கண்டவரோடு ஒப்பிடுகையில் இது மிகுதி. ஒருவர்க்கு அஞ்சத்தக்கதன்று; ஆனால் கோடிக்கணக்கானவரைத் தொற்று பற்றிய நாட்டில் இச்சிறு விழுக்காடும் பெருந்தொகையாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின் ஒரு முடிவு புலனாகும். வலிப்பு நோயாளர்க்குக் கொரோனாக் கிருமி விளைத்த தீங்கைக் காட்டிலும், மாத்திரையும் மருத்துவரும் எட்டாமற் போனது விளைத்த தீங்கே பரந்துபட்டது. 1918-இல் அறுபட நூல் இல்லை என்றோம். 100 ஆண்டுகள் அரும்பாடுபட்டு நூற்ற நூல் 2020-இல் பல இடங்களில் அறுபட்டது.

தொலைபேசி வழியே மருத்துவம்

அறுந்த நூலை முடிந்து இணைக்கும் முயற்சியும் உடனே தொடங்கியது. 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவத்திற்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தொலைபேசியிலும் காணொளியிலும் நோயாளரை ஆராய்ந்து மருந்துச்சீட்டு அனுப்ப மருத்துவர்க்கு அது தெளிவான உரிமை அளித்தது. ஏப்ரல் 13 அன்று இ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை புறநோயாளர்க்கெனத் தொடங்கியது. ஊரடங்கு நாட்களில் அஞ்சல் துறையும் மருந்துப் பொதிகளைச் சுமந்து சென்றது.

இங்கும் ஒரு சிக்கல் இருந்தது. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் அடங்கும் மருந்துகளைத் தொலைவழியே எழுதலாகாது என அந்நெறிகள் விலக்கின. ஏழையின் வலிப்பு மருந்தாகிய பினோபார்பிட்டாலும் அவ்வட்டவணையில் உள்ளதே. தீய வழக்கத்தைத் தடுக்க எழுந்த விதி, ஒழுங்காக மருந்துண்ணும் நோயாளிக்கு இடையூறாயிற்று. மருத்துவர்கள் இதனை எடுத்துரைக்க, இத்தகைய மருந்துகளுள் இன்றியமையாத சிலவற்றுக்கு அவ்வாண்டிலேயே விலக்கு அளிக்கப்பட்டது.

வலிப்பு நோய்க்குத் தொலைமருத்துவம் பெரிதும் பொருந்துவதற்குக் காரணம் உண்டு. இந்நோயில் மருத்துவர் தொட்டறிவதைவிடக் கேட்டறிவதே மிகுதி. வலிப்பு எப்போது வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, எந்தக் கை முதலில் இழுத்தது, நாக்கு கடிபட்டதா, பின்னர் எவ்வளவு நேரம் குழம்பியிருந்தார் என்பவற்றை உடனிருந்தோர் சொல்லவேண்டும். மருந்து கேட்டு ஆண்டுக்கு நான்கு முறை நெடுந்தொலைவு பயணம் செய்வோரைத் தொலைபேசி வழியே கண்காணித்தல் நேரிற் காண்பதற்குக் குறைந்ததன்று எனத் தில்லி எய்ம்ஸ் மருத்துவர் கொள்ளைநோய்க்கு முன்னரே, 2017-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியிருந்தனர். எனவே 2020-இல் அவர்களுக்கு வழி புதிதன்று.

ஆயினும் தொலைபேசியால் எல்லாம் ஆகிவிடாது. மின்னலைப் பதிவையும் படமெடுத்தலையும் அது தர இயலாது. முதல் வலிப்பு கண்டவரை மருத்துவர் நேரிற் காணவேண்டும். கைப்பேசி இல்லாத முதியோர்க்கும், கணவன் கைப்பேசியை நம்பியிருக்கும் மனைவிக்கும் அக்கதவு பாதியே திறந்தது.

மொழியும் மருந்தே

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நம்மோடு நேரே தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. வலிப்பு நோயில் சொல்லே சான்று என்றோம். அச்சொல் மருத்துவர்க்கு விளங்காவிடில் என்னாகும்? தில்லியில் இந்நோயை மிர்கி என்பர். தாக்குதலைத் தௌரா என்பர். நம்மவர் மயக்கம் என்பதைச் சக்கர் என மொழிபெயர்த்துச் சொன்னால் மருத்துவர் அதனைத் தலைசுற்றல் எனக் கொள்வார். பெங்களூரில் மூர்ச்சை நோய் என்றால் வலிப்பு. தமிழ் வீட்டில் மூர்ச்சை என்றால் வெறும் மயக்கம். கேரளத்திலும் மராட்டியத்திலும் அபஸ்மாரம் என்பர். ஒரு சொல் பிறழ்ந்தால் ஒரு மருந்து பிறழும். கவசமும் முகமூடியும் இட்டு, இரண்டு முழம் தள்ளிநின்று, விரைந்து பேசிய நாட்களில் இவ்விடர் பெருகியது.

தொலைமருத்துவ நெறிகளில் நமக்கு ஆறுதலான ஒரு கூறு உண்டு. பதிவுபெற்ற மருத்துவர் நாட்டின் எப்பகுதியிலுள்ள நோயாளர்க்கும் ஆலோசனை வழங்கலாம் என அவை இசைவு தருகின்றன. தாராவியில் வாழும் திருநெல்வேலித் தாய், பாளையங்கோட்டை மருத்துவரிடம் தன் மகனின் வலிப்பைத் தாய்மொழியிலேயே விவரிக்க வழி திறந்தது. 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனா பற்றிய நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்த பின்னரும் அவ்வழி மூடப்படவில்லை. கொள்ளைநோய் விட்டுச்சென்ற நற்பேறு ஒன்று உண்டெனின் அது இதுவே.

நாம் செய்யத்தக்கவை

2022 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை வலிப்பு நோய்க்கும் பிற நரம்பு நோய்களுக்குமெனப் பத்தாண்டுத் திட்டமொன்றை ஏற்றது. 2031-க்குள் வலிப்பு மருத்துவம் பெறுவோர் அளவை 2021-இல் இருந்ததனின்றும் பாதி மடங்கு உயர்த்துவது அதன் குறிக்கோள்களுள் ஒன்று. அரசுகள் செய்வதைச் செய்யட்டும். வீடுகளில் நாம் செய்யத்தக்கனவும் சில உள.

மாத்திரை தீரும் நாள்வரை காத்திராமல், மருத்துவரைக் கேட்டு ஒரு திங்களுக்குரிய மருந்தை எப்போதும் கூடுதலாக வைத்திருத்தல் நன்று. மருந்தின் வணிகப் பெயர் மாநிலந்தோறும் மாறலாம். ஆகவே அதன் மூலப்பெயரையும் அளவையும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சீட்டொன்று நோயாளியின் சட்டைப் பையில் இருக்கவேண்டும். வலிப்பு வரும்போது அருகிலிருப்போர் கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால், எம்மொழி மருத்துவர்க்கும் அது விளங்கும். உடன் தங்குவோருள் ஒருவரேனும் நோயைப் பற்றி அறிந்திருக்கவேண்டும்.

வலிப்பு வந்தவர் கையில் நம் ஊரில் இரும்புச் சாவியைத் திணிப்பர். வடநாட்டில் மூக்கருகே செருப்பைக் காட்டுவர். இரண்டினாலும் பயனில்லை. அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்கு மெத்தென ஒன்றை வைத்து, வாயில் எதனையும் இடாமல், கடிகாரத்தைப் பார்த்திருத்தல் வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், நினைவு தெளியுமுன் மீண்டும் வந்தாலும் ஆம்புலன்ஸை அழைக்கவேண்டும். கொள்ளைநோய்க் காலத்திலும் இம்முறை மாறுவதில்லை. முகமூடி அணிந்துகொண்டு செய்யலாம். விலகி நிற்க வேண்டியதில்லை.

கொல்லி மழவன் தன் மகளைக் கோயில் முற்றத்தில் கிடத்தியபோது அவளை ஊரார் கண்டனர். ஆதலின் அவளுக்கு உதவி வந்தது. நாமோ நோயாளரை மறைத்து வைக்கிறோம். ஊரெங்கும் கதவடைக்கும் காலம் மீண்டும் வருமாயின், நம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மாத்திரைக்காகக் காத்திருப்பவர் யார் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். அவ்வாறு தெரிந்திருப்பது மருந்தளவு பயன் தரும்.